கெட்டிமேளம் இல்லாத கல்யாணத்துக்குப் பூ வேலை: நீலகிரியில் செய்பவன் எழுதும் முழுமையான வழிகாட்டி

ஆறேழு வருடத்துக்கு முன்னால் கோத்தகிரி பக்கம் ஒரு எஸ்டேட் பங்களா புல்வெளியில் கல்யாணம். ஐயர் கிடையாது, ஓமம் கிடையாது, மேளம் கிடையாது. பெண்ணும் மாப்பிள்ளையும் எண்பது பேர் முன்னால் நாலு வார்த்தை பேசிவிட்டு மாலை மாற்றிக்கொள்வது, அவ்வளவுதான் திட்டம். பூ வேலை என்னுடையது. கையில் இருந்த பணத்தில் முக்கால்வாசியை வாசல் வளைவில் கொட்டினேன், வந்தவர்கள் எல்லாம் அங்கே நின்று போட்டோ எடுத்தார்கள், எனக்கும் பெருமை தாங்கவில்லை. அப்புறம் உள்ளே புல்வெளி ஓரத்தில் அவர்கள் மாலை மாற்றியபோது பாதிப் பேர் டீ டம்ளரோடு பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நின்றிருந்தார்கள். பெண்ணின் பெரியம்மா என்னிடம் வந்து, "ஏன் தம்பி, தாலி எப்பக் கட்டுவாங்க?" என்று கேட்டபோது கல்யாணம் முடிந்து பத்து நிமிஷம் ஆகியிருந்தது.

மண்டபத்தில் இந்தத் தொல்லை கிடையாது. சாப்பாட்டுப் பந்தியில் இருப்பவருக்குக்கூடக் கெட்டிமேளம் கேட்டால் தெரியும், கை தானாக அட்சதையைத் தேடும். மேளத்தை எடுத்துவிட்டால் எங்கே பார்ப்பது, எப்போது பார்ப்பது என்று சொல்ல ஆளில்லை. அந்த வேலையைப் பூவிடம் கொடுக்க வேண்டும் என்பதுதான் நான் அன்றைக்குக் கற்றது. சுயமரியாதைத் திருமணம், ரிஜிஸ்டர் ஆபீஸ் முடித்துவிட்டு மலையில் வைக்கிற சின்ன விழா, வெவ்வேறு மதத்து ஜோடிகள், இரண்டாம் கல்யாணம் எதுவாக இருந்தாலும் கீழே சொல்வது பொருந்தும். நூறு பேருக்குள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

1. முதலில் அந்த நிமிஷத்தைக் கண்டுபிடியுங்கள்

பூப் பட்டியலை ஓரமாக வையுங்கள். ஜோடியை உட்காரவைத்து, 'எந்த நிமிஷத்தில் உங்களுக்குக் கல்யாணம் ஆகிறது?' என்று கேளுங்கள். சிரிப்பார்கள், ஆனால் பதில் ஆளுக்கு ஆள் மாறும். இந்து திருமணச் சட்டத்தில் தமிழ்நாடு 1967-ல் சேர்த்த 7ஏ பிரிவுப்படி, உறவினர் நண்பர் முன்னால் புரிகிற மொழியில் உறுதி சொன்னாலும் சரி, மாலை மாற்றினாலும் சரி, மோதிரம் போட்டாலும் சரி, தாலி கட்டினாலும் சரி, அது திருமணம்தான். அதாவது சுயமரியாதைத் திருமணத்தில் மாலை வெறும் அலங்காரம் இல்லை, அதுவே சடங்கு. 1954-ம் வருடத்துச் சிறப்புத் திருமணச் சட்டத்தில் 30 நாள் நோட்டீஸ், மூன்று சாட்சி எல்லாம் இருப்பதால் அந்த ஜோடிகள் பெரும்பாலும் அலுவலகத்தில் கையெழுத்தை முடித்துவிட்டு வருவார்கள். அவர்களுக்கு மலையில் எது 'அந்த நிமிஷம்' என்பதை நீங்கள்தான் சேர்ந்து உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும்.

அது தெரிந்தவுடன் பூச்செலவில் பாதியை அந்த இடத்துக்கும் அந்த மாலைகளுக்கும் ஒதுக்கிவிடுங்கள். வாசல், மேஜை, கார், ரூம் எல்லாம் மிச்சப் பாதியில்.

ஒரு சின்ன உத்தி சொல்கிறேன், இதைவிட மலிவானது எனக்குத் தெரியாது. வருகிற ஒவ்வொருவர் கையிலும் வாசலில் ஒரு கார்னேஷன் கொடுங்கள். ஜோடி நிற்கப் போகிற இடத்தில் ஒரு பெரிய பித்தளை உருளி, உள்ளே தண்ணீர், தண்ணீருக்குள் சுருட்டி வைத்த கோழிவலை, அதாவது கோழிக்கூண்டுக்கு அடிக்கும் கம்பிவலை. ஒவ்வொருவரும் போய்ப் பூவைச் செருகிவிட்டு வந்து உட்கார வேண்டும். ஒரு கட்டுக்கு 20 தண்டு வரும், அறுபது விருந்தினருக்கு மூன்றே கட்டு. கால்மணி நேரத்தில் உருளி நிறைந்துவிடும், அதைவிட முக்கியம், வந்த அத்தனை பேரும் அந்த இடத்துக்கு ஒருமுறை நடந்து போயிருப்பார்கள். அப்புறம் யாரும் பள்ளத்தாக்கைப் பார்த்துத் திரும்பி நிற்பதில்லை.

2. அதே மணிக்குப் போய் இடத்தைப் பாருங்கள்

காலை பத்து மணிக்குப் போய்ப் பார்த்துவிட்டு மாலை நாலு மணிக் கல்யாணத்துக்கு பிளான் போடாதீர்கள். குன்னூர், கோத்தகிரிச் சரிவுகளில் மதியத்துக்கு மேல் மூட்டம் ஏறினால் இருபதடி தூரத்தில் இருப்பவர் முகம் தெரியாது. மூட்டத்தில் வெள்ளைப் பூ காணாமல் போகும். இணையத்தில் பார்த்து 'முழுக்க வெள்ளை' என்று கேட்கிறவர்களிடம் நான் சொல்வது, வெள்ளை வையுங்கள், ஆனால் நடுவில் ஆரஞ்சோ அடர் மஞ்சளோ இருக்கட்டும். அடர் சிவப்பும் ஆறு மணிக்கு மேல் கறுப்பாகத்தான் தெரியும். தேயிலைக்கு முன்னால் பச்சை இலையைக் குவிப்பது வீண் செலவு.

மழைக் கணக்கு: ஜூன் முதல் செப்டம்பர் வரை கூடலூர், ஊட்டி பக்கம் கொட்டும், அக்டோபர் முதல் டிசம்பர் வரை குன்னூர், கோத்தகிரி பக்கம் வாங்கும். டிசம்பர், ஜனவரியில் ஊட்டியில் தலைக்குந்தா, காந்தல் மாதிரித் தாழ்வான இடங்களில் உறைபனி விழும், ராத்திரி வெளியில் விட்ட பூ காலையில் கறுத்துக் கிடக்கும்.

எட்டடி பத்தடி உயரத்தில் பின்திரை கட்டி மலையை மறைப்பது எனக்குப் பிடிக்காது. மலையைப் பார்க்கத்தானே இவ்வளவு தூரம் ஏறி வந்தார்கள்? தரையில் வேலை செய்யுங்கள். இருவரும் நிற்கும் இடத்தைச் சுற்றி ஆறடி அகலத்தில் ஒரு பூக்கோலம், முன்பக்கம் திறந்து, பின்பக்கம் முழங்கால் உயரத்துக்கு எழும்புகிற மாதிரி. காற்றில் சாயாது, போட்டோவில் மலையும் வரும், எந்தப் பாட்டிக்கும் விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. கோலத்துக்குள் நிற்பவர்கள்தான் முக்கியம் என்று தானாகப் புரியும். வளைவுதான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால் உண்ணிக்குச்சியில் கட்டுங்கள். உண்ணிச்செடி காட்டைத் தின்கிற களை, அதன் குச்சியை வேகவைத்துத் தோலுரித்துக் கூடலூர் பக்கம் ஆதிவாசிக் கலைஞர்கள் ஆளுயரத்துக்கு மேல் யானைகளே செய்கிறார்கள், ஒரு வளைவு நிற்காதா?

3. எந்தப் பூ, எங்கிருந்து

மலையிலேயே கிடைப்பதை முதலில் எழுதுங்கள். பசுமைக்குடிலில் விளையும் கார்னேஷன், லில்லியம், ஜெர்பரா இங்கேயே உண்டு. தோட்டத்தில் நேராகப் பேசினால் நீங்கள் கேட்கிற பருவத்தில் வெட்டித் தருவார்கள், அதுதான் லாபம், விலை இல்லை. லில்லியை மொட்டாக வாங்க வேண்டும். கோவையில் இரண்டு நாளில் விரிவது இங்கே குளிரில் நாலு நாள்கூட எடுக்கும். சனிக்கிழமைக் கல்யாணத்துக்கு வெள்ளிக்கிழமை மொட்டு வாங்கினால் மொட்டோடுதான் கல்யாணம் நடக்கும்.

ஹைட்ரேஞ்சியா வீட்டுக்கு வீடு இருக்கிறது, கோடையிலிருந்து மழைக்காலம் வரை நன்றாக வரும். நம் மண் புளிப்பு மண், அதனால்தான் தேயிலை வளர்கிறது, அதனால்தான் இந்தப் பூவும் நீலமாக வருகிறது. புளிப்பு மண்ணில் செடிக்கு அலுமினியம் கிடைக்கும், அது நீலம் தரும். அதே செடிக்குச் சுண்ணாம்பு போட்டால் ரோஸ் பக்கம் போகும். ஒரு கொத்து, சாப்பாடு வைக்காத ஒரு மேஜையை நிறைத்துவிடும், அக்கம்பக்கத்தில் கேட்டால் பலர் சும்மாவே கொடுப்பார்கள், கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் போதும்.

இலைக்குக் கற்பூர மரத்தின், அதாவது யூகலிப்டஸின் இளங்கொழுந்து. வெட்டிவிட்ட அடிமரத்திலிருந்து துளிர்க்கும் இலை வட்டமாக, சாம்பல் பூத்த நீலமாக இருக்கும். வெளிநாட்டுக் கல்யாணப் படங்களில் எல்லாரும் ஆசைப்படும் அதே ஜாதி இலைதான், 1843-லிருந்து ஊட்டியில் நிற்கிறது, நாம்தான் விறகு என்று பார்க்கிறோம். தண்ணீர் இல்லாமலே ஒரு நாள் தாங்கும், வாசமும் வரும். தனியார் தோட்டத்தில் கேட்டு வாங்குங்கள், வனத்துறை நிலத்தில் கை வைக்காதீர்கள். சோலைக்குள் போய்ப் பாசியும் பெரணியும் உரித்துக்கொண்டு வருவதும் வேண்டாம். குறிஞ்சி பூத்திருந்தால் பார்த்துவிட்டு வாருங்கள், பறிக்கக் கூடாது.

ஊட்டியில் கொத்துக் கொத்தாக விற்கும் காய்ந்த காகிதப்பூவை (ஹெலிகிரைசம், போகன்வில்லா இல்லை) சுற்றுலா சாமான் என்று ஒதுக்காதீர்கள். மழைக்கால வரவேற்புக்கு அதுவும் வாடாமல்லியும் பெரிய உதவி, ஒரு மாதம் முன்னாலேயே செய்து வைத்துவிடலாம்.

கீழிருந்து வர வேண்டியவை: ஓசூர் ரோஜா, சத்தியமங்கலம் அல்லது நிலக்கோட்டை மல்லி, சம்பங்கி, செவ்வந்தி, மரிக்கொழுந்து. கோவை பூ மார்க்கெட்டில் எல்லாம் கிடைக்கும். மல்லி மட்டும் மார்கழி, தையில் வரத்து குறைந்து கிலோ ஆயிரங்களைத் தாண்டும், அந்த மாதங்களில் அதை நம்பித் திட்டம் போடாதீர்கள்.

ஓடை ஓரத்தில் வெள்ளைக் குழல் மாதிரி நிற்கும் கேலா லில்லி, வேலியில் தொங்கும் ஊமத்தை ஜாதிப் பெரிய மணிப்பூ இரண்டும் அழகு, இரண்டும் விஷம். ஹைட்ரேஞ்சியாவும் வாயில் போடக் கூடாததுதான். கேக், சாப்பாட்டு மேஜை பக்கம் இவை வரவே கூடாது. கேக் மேல் வைக்க மருந்தடிக்காத வீட்டு ரோஜா இதழ் போதும்.

4. ஆர்டரும் வண்டியும்

ரோஜா, கார்னேஷன் கட்டுக்கு 20, ஜெர்பரா 10 என்று கணக்கு வையுங்கள். பத்தில் ஒரு பங்கு கூடுதலாக வாங்குங்கள், வளைவுச் சாலையில் ஒரு பெட்டியாவது நசுங்கும். வெளிமாவட்ட வண்டிக்கு 2024 மே 7 முதல் இ-பாஸ் வேண்டும், கோடையில் ஒரு நாளைக்கு இத்தனை வண்டி என்று வரம்பும் வைக்கிறார்கள், ஆகவே உள்ளூர் பதிவு வண்டியைக் கீழே அனுப்பி எடுத்து வருவது நிம்மதி. மே மாதம் ஏற ஒரு வழி, இறங்க ஒரு வழி என்று மாற்றியும் விடுவார்கள், மலர்க் கண்காட்சிக் கூட்டம் வேறு. பூவைச் செய்தித்தாளில் சுற்றித் தரச் சொல்லுங்கள். பர்லியார், குஞ்சப்பனை சோதனைச் சாவடியில் பிளாஸ்டிக்கை எடுக்கச் சொல்லிப் பிரித்தால் கட்டு குலையும்.

கார்னேஷன் பெட்டியோடு பழுத்த வாழைத்தார் ஏற்றாதீர்கள். பழத்திலிருந்து வரும் எத்திலீன் வாயுவில் கார்னேஷன் இதழ் உள்ளே சுருண்டு தூங்கிவிடும், அப்புறம் எந்தத் தண்ணீரும் எழுப்பாது. ஒரு தரம் பந்திக்கான பழமும் என் பூவும் ஒரே வண்டியில் வந்து நானூறு தண்டு போனது.

5. முந்தைய நாள் ராத்திரி

பக்கெட்டைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், சாப்பாட்டுப் பாத்திரம் மாதிரி. அடி இலைகளை உருவிவிட்டு, தண்டின் நுனியை ஓர் அங்குலம் சாய்வாக வெட்டி, உடனே வெதுவெதுப்பான தண்ணீரில் வையுங்கள், ராத்திரி முழுக்க நிற்கட்டும். கார்னேஷனைக் கணுவில் வெட்டாமல் இரண்டு கணுவுக்கு நடுவில் வெட்டினால் தண்ணீர் நன்றாக ஏறும். ஜெர்பராவுக்கு இரண்டு அங்குலத் தண்ணீர் போதும், அதிகம் வைத்தால் தண்டு அழுகும். ஹைட்ரேஞ்சியா சோர்ந்திருந்தால் தண்டை வெட்டிப் படிகாரப் பொடியில் தொட்டு வையுங்கள், பூவையே அரைமணி நேரம் தண்ணீரில் தலைகீழாக முக்கியும் வைக்கலாம். லில்லி விரிய விரிய மகரந்தப் பையைக் கிள்ளிவிடுங்கள், பட்டுப்புடவையில் பட்டால் போகாது. மல்லிக்குத் தண்ணீர் தெளிக்காமல் ஈரத் துணியில் சுற்றி வைத்தால் போதும்.

6. மாலை

இந்தப் பகுதிக்கு நேரம் ஒதுக்குங்கள். மேளம் இல்லாத கல்யாணத்தில் ஊரே பார்க்கிற ஒரே பொருள் இதுதான்.

மார்க்கெட்டில் விற்கும் கனத்த ரோஜா மாலை இரண்டு மூன்று கிலோ இருக்கும், ஜரிகை, பிளாஸ்டிக் மணி எல்லாம் சேர்த்து. மண்டபத்தில் உட்கார்ந்திருப்பவருக்குச் சரி. புல்வெளியில் நின்று பேச வேண்டியவருக்குக் கழுத்து போய்விடும். ஒற்றைச் சர கார்னேஷன் மாலைக்குச் சுமார் 65 தலை பிடிக்கும், நாலு கட்டு வாங்கினால் நல்லதைப் பொறுக்கிக்கொள்ளலாம், எடை அரைக் கிலோவைத் தாண்டாது.

செய்வது இப்படி. பூவை, இதழுக்கு அடியில் இருக்கும் பச்சைக் கிண்ணத்துக்குக் கீழே அரை அங்குலம் விட்டு வெட்டுங்கள். நீள ஊசியில் இரட்டைப் பருத்தி நூல், கிண்ணத்தின் நடுவில் குத்தி, ஒன்றின் முகம் இடப்பக்கம், அடுத்ததன் முகம் வலப்பக்கம் என்று மாற்றி மாற்றிக் கோர்க்க வேண்டும், அப்போதுதான் இடைவெளி தெரியாது. மூன்று பூவுக்கு ஒரு மரிக்கொழுந்துக் கொத்து. மேட்டுப்பாளையத்தில் பூக்கட்டும் அக்கா ஒருவர் எனக்குச் சொல்லிக்கொடுத்தது: "பத்துக்கு ஒரு முடிச்சு போடு தம்பி, அறுந்தா பத்தோட போகும்." மேடையில் மாலை அறுந்து பூ உருண்டு ஓடியதைப் பார்த்தவர்களுக்கு இந்த முடிச்சின் அருமை தெரியும். பிடரியில் படும் ஒரு சாண் நீளத்துக்குப் பூ வேண்டாம், நனைத்த வாழைநாரைப் பின்னி மேலே பருத்தித் துணி சுற்றிவிடுங்கள்.

அளவு எடுக்காமல் செய்யாதீர்கள். ஒரு கயிற்றை மாலை நீளத்துக்கு முடிந்து, முந்தைய நாள் இருவரையும் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். மாப்பிள்ளை ஆறடி, பெண் ஐந்தடி என்றால் அவர் குனிவாரா, அவள் ஒரு பலகை மேல் ஏறுவாளா, கொண்டையில் சிக்குமா எல்லாம் கயிற்றிலேயே தெரிந்துவிடும்.

இன்னொன்று, மாலை யார் கையில் வருகிறது? தட்டில் ஓரமாக வைத்தால் அந்த நிமிஷம் யாருக்கும் தெரியாமல் கடந்துவிடும். கடைசி வரிசையிலிருந்து, முடிந்தால் வீட்டுப் பெரியவர்கள் இருவர், மாலையைக் கையில் ஏந்திக் கூட்டத்துக்கு நடுவில் நடந்து வரட்டும். வரிசை வரிசையாகத் தலை திரும்பும், பேச்சு நிற்கும். ஒரு கல்யாணத்தில் பெண்ணின் அம்மாவும் மாப்பிள்ளையின் தாத்தாவும் இப்படி நடந்தார்கள். தாத்தா பாதி வழியில் நின்று மாலையை முகர்ந்து பார்த்தார், எண்பது பேரும் அவரோடு சேர்ந்து மூச்சை இழுத்த மாதிரி இருந்தது.

7. அன்று காலை

ராத்திரியே அடுக்கிவிட்டுத் தூங்கப் போகும் ஆசை எனக்கும் இருந்தது. குன்னூர் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் அப்படித்தான் செவ்வந்தி எல்லாம் பரப்பிவிட்டுப் படுத்தேன். விடிகாலையில் வாட்ச்மேன் கதவைத் தட்டி, "அண்ணா, காட்டுமாடு வந்து சாப்ட்டுட்டுப் போயிருச்சு" என்றார். புல்வெளியில் சாணியும் மூன்று குளம்புத்தடமும் மிச்சம். அதிலிருந்து வெளிவேலை எல்லாம் வெளிச்சம் வந்த பிறகுதான். பழம் வைத்து அலங்கரிப்பதையும் விட்டுவிட்டேன், குரங்கு பார்த்துக்கொண்டே இருக்கும்.

பூ செருகப் பச்சை நிற ஃபோம் கட்டி வாங்க வேண்டாம், அது மக்காத பிளாஸ்டிக், நொறுங்கித் தூளாக மண்ணில் கலக்கும். வாழைமரத்தை ஒன்றரையடித் துண்டாக வெட்டிப் படுக்கவைத்து அதில் குத்துங்கள்; மட்டைக்குள் இருக்கும் ஈரத்திலேயே கார்னேஷனும் செவ்வந்தியும் ஒரு பகல் தாங்கும். மெலிந்த தண்டுக்கு முதலில் குச்சியால் ஓட்டை போட்டுக்கொள்ள வேண்டும். தண்ணீர் அதிகம் கேட்கும் ஹைட்ரேஞ்சியாவுக்கு மட்டும் மண்சட்டியும் கோழிவலையும். பூக்கோலத்தின் பின்பக்க மேட்டுக்கு நாலைந்து வாழைத்துண்டு சரியாக இருக்கும். முன்பக்கத் தரைக்கோலத்தை உதிரியாகப் போட்டால் காற்று அள்ளிக்கொண்டு போகும். புல்லின் மேல் ஈரச் சணல் சாக்கைப் போட்டு அதன் மேல் இடுங்கள்.

8. வரவேற்பு

சடங்கு முடிந்து எல்லாரும் டீ குடிக்கப் போகும் அரைமணி நேரத்தில் பூவை இடம் மாற்றுங்கள். விருந்தினர்கள் நிரப்பிய உருளி சாப்பாட்டுக் கூடத்தின் நடுவுக்கு, வாழைத்துண்டுகள் நீள மேஜைக்கு. இதற்கு இரண்டு ஆளைத் தனியாகச் சொல்லி வைக்க வேண்டும், 'யாராவது தூக்கிக்குவாங்க' என்று விட்டால் யாரும் தூக்கமாட்டார்கள். மேஜைப் பூ எதிரில் இருப்பவர் முகத்தை மறைக்கக் கூடாது, முழங்கையை ஊன்றினால் மணிக்கட்டு வரும் உயரம்தான் எல்லை. மூடின கூடத்தில் லில்லியும் சம்பங்கியும் சேர்ந்தால் தலைவலி வரும், பிரியாணி வாசமும் கெடும்.

9. முடிந்த பிறகு

சாக்கு, வாழைத்துண்டு, இதழ் எல்லாம் குழியில் போட்டால் மக்கிவிடும். ஓடையில் கொட்டாதீர்கள். உண்ணிக்குச்சி வளைவில் காய் ஒட்டியிருந்தால் அதை மட்டும் எரித்துவிடுங்கள், இல்லையென்றால் அந்தப் பங்களாவுக்கு ஒரு புது உண்ணிப்புதர் பரிசு. கம்பியும் வலையும் கட்டும்போதே எண்ணி, வண்டிக் கதவின் உள்பக்கம் சாக்பீஸில் எழுதிவிடுவேன். எட்டு வலை இறங்கினால் எட்டும் திரும்ப ஏறாமல் வண்டியைக் கிளப்புவதில்லை, ராத்திரி அந்தப் புல்வெளிக்குக் காட்டுமாடு வரும்.